வரட்டா

பகலில் அரவேனு வளைவில் மண் சரிந்து
கேபிள் அறுந்தது.
சில்வர் ஓக் மரத்தில் கட்டியிருந்தது
தேயிலைச் செடிமேல் துவைத்துப் போட்ட நாடாவாய்க் கிடந்தது.
குடைக்குள் குந்தி
முடியளவு கண்ணாடி இழை இரண்டை
முனை பார்த்து, துடைத்து, உருக்கி ஒட்டினேன்.
சக்திநாதன் டார்ச் பிடித்தான்,
கரடி வராதிருக்கச் சத்தமாய் வாய்ப்பாடு சொன்னான்.
ஒட்டில் இழப்பு: புள்ளி பூஜ்யம் மூன்று.
நல்ல ஒட்டு.

ராத்திரி அதே இழை வழியாக
குவைத்துக்குப் பேசுகிறேன்.

ஜெனோவா,
"சாப்பிட்டியா" என்று நீ கேட்பது
முழுசாய் வருவதில்லை.
நொடிக்கு ஐம்பது துண்டாக நறுக்கி
ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு விலாசம்.
'சாப்' பம்பாயில் கரையேறும்,
'பிட்டி' எங்கெங்கோ சுற்றும்,
'யா' முதலில் வந்து நிற்கும்.
மேட்டுப்பாளையம் தாண்டி, குஞ்சப்பனை ஏறி
முன்பின்னாய் வந்தவற்றை
என் போன் வாசலில் நிறுத்தி, எண் பார்த்து உட்கார்த்துகிறது.
கொஞ்ச நேரம்தான் பார்க்கும். கண் இமைக்கிற நேரம்கூட இல்லை.
பிந்தி வந்த துண்டுக்குப் பந்தியில் இலை கிடையாது.

போட்டோ என்றால் விட்டுப்போனதைத் திரும்பக் கேட்டு வாங்கும்.
பேச்சுக்கு அந்தச் சலுகை இல்லை.
நேரம் தப்பிய சொல் சொல்லே அல்ல என்று
முடிவு செய்த யாரோ எழுதிய விதி.
விட்ட இடத்தில்
முந்தின துண்டையே இழுத்துப் பூசி
ஒப்பேற்றிவிடும்.
நமக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்,
அதுதான் தொல்லை.

"கிறிஸ்மஸுக்கு வந்துருவியா?"

"வர" என்றது போன்.
ஓர் இழுவை.
பிறகு "ட்டே". அல்லது "ட்டா".

வரமாட்டேன் என்று நீ சொல்லி
நடுவில் 'மா' விழுந்திருக்கலாம்.
வரட்டா என்றே சொல்லியிருக்கலாம்.
வரட்டா என்றால் கிளம்பி வரட்டுமா.
வரட்டா என்றால் போனை வைக்கட்டுமா.
நம் ஊரில் போகிறவர்கள்தானே
வரட்டா என்கிறார்கள்.

திரையில் பார்த்தேன். இழப்பு நூற்றுக்கு நாலு.
எந்த நாலு என்று அது சொல்லாது.

அதற்கப்புறம் நீ பேசவில்லை.
காதில் சன்னமாக ஓர் இரைச்சல்,
தூரத்தில் ஃபேன் ஓடுகிற மாதிரி.
உன் அறை என்று நினைக்கத் தோன்றும்.
இல்லை.
நீ வாய் மூடியதும் உன் போன் அனுப்புவதை நிறுத்திவிட்டது,
பேசாத நேரத்துக்கு எதற்கு வண்டிச்சத்தம் என்று.
லைன் செத்துப்போனதாய் நான் பதறக் கூடாதென்று
என் போனே அந்த இரைச்சலைச் செய்து
என் காதில் ஊற்றுகிறது.

ஆறு வருஷம்.
உன் கோபம், உன் அலுப்பு, டியூட்டி முடிந்த உன் மூச்சு என்று
நான் கேட்டுக்கொண்டிருந்த மௌனமெல்லாம்
கோத்தகிரியில் என் உள்ளங்கையில் தயாரானது.
நான் சும்மா இருந்தபோதெல்லாம்
உனக்கும் அங்கேயே ஒன்று செய்து கொடுத்திருக்கும்.
இருவரும் அவரவர் போனோடு
பேசாமல் இருந்திருக்கிறோம்.

"மறுபடி சொல்லு" என்று கேட்கலாம்.
கேட்டால் இந்த முறை
முழுசாய் வந்துவிடும்.

எழுந்தேன்.
'இரைச்சல் நீக்கு' என்றிருந்ததை அணைத்தேன்.
ஜன்னல் கொக்கியைத் தட்டித் திறந்து
போனை வெளியே நீட்டினேன்.
பக்கத்து ஷெட்டின் தகரக் கூரையில்
மழை கொட்டிக்கொண்டிருந்தது.
நொடிக்கு ஐம்பது துண்டு மழை,
எண் போட்டு, விலாசம் போட்டு
அரவேனு ஒட்டு வழியாக இறங்கிப் போனது.
சட்டைக்கை முழங்கை வரை நனைந்தது.
எவ்வளவு நேரம் நீட்டியிருந்தேன், தெரியவில்லை.

காதுக்கு எடுத்தேன்.

"மழையா?" என்றாய்.

அந்த நாலில் ஒன்றும்
இதில் விழவில்லை.